இடப்பக்கம் இருபத்தைந்து டிகிரி

கார் கதவைத் திறந்தால் அதன் ஓரத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு ரப்பர் பட்டை ஓடும். மழையும் தூசியும் உள்ளே வராமல் இருப்பது அதன் புண்ணியத்தில்தான். கார் வாங்கியவர்கள் யாரும் அதைப் பார்த்து மெய்சிலிர்த்ததாகத் தகவல் இல்லை. கதவின் மூலையில் அந்தப் பட்டையின் இரண்டு முனைகள் ஒட்டப்பட்டிருக்கும். அந்த மூலையைத்தான் இருபத்திரண்டு வருடமாக ஒட்டிக்கொண்டிருந்தார் நம்மாள். அதனால் தொழிற்சாலையில் அவருக்குக் கார்னர் என்று பெயர். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

முனைகள் இரண்டையும் சூடான இரும்பு அச்சுக்குள் வைக்க வேண்டும். மூடியைச் சாத்தித் தொண்ணூறு நொடி கழித்து எடுக்க வேண்டும். துருத்திக்கொண்டிருக்கும் பிசிறைக் கத்தரியால் நறுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. சொல்லும்போது ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். செய்வதும் அப்படித்தான் என்று மேலிடம் நினைத்தது. ஆகவே கடல் தாண்டி, இதே வேலையைப் பாதிச் செலவில் செய்துகொடுக்கும் இன்னொரு தேசத்துக்கு லைனை முழுசாகத் தூக்கிக்கொண்டு போவது என்று முடிவாயிற்று. லைனில் நாற்பத்தொரு பேர்.

“இதை முடிவுன்னு நினைக்காதீங்க. இது ஒரு பயணம்” என்றார் மேலாளர்.

“டிக்கெட் யாருக்கு சார்?” என்று கேட்டார் வக்கீல். வக்கீல் என்றால் கோர்ட்டுக்குப் போகிறவர் இல்லை. கார்னருக்கு அடுத்த மிஷினில் நிற்பவர். லீவுச் சட்டத்தின் உட்பிரிவுகளை மனப்பாடமாகச் சொல்வதால் வந்த பட்டம்.

பயணத்தின் முதல் கட்டமாக, ஒவ்வொருவரும் செய்கிற வேலையை வீடியோ பிடித்து, அசைவு அசைவாக எழுதி எடுத்துப்போக ஒரு பெண் வந்தார். கையில் பலகை மாதிரி ஒரு கணினி, கழுத்தில் நிறுத்துகடிகாரம். குறிப்பு மேடம் என்று பெயர் வைத்தார்கள். அவர் கார்னரின் முன்னால் வந்து நின்ற அந்தத் திங்கட்கிழமை, கார்னருக்குக் கழுத்துச் சுளுக்கு. காலையில் பஸ் ஜன்னலில் சாய்ந்து தூங்கிய பலன். தலை இடப்பக்கம் சாய்ந்தபடி, யாரோ ரகசியம் சொல்வதைக் கேட்பதுபோல் நின்றது.

“இது அவசியமா?” என்று தன் தலையைச் சாய்த்துக் காட்டினார் குறிப்பு மேடம்.

கார்னருக்குக் கூச்சம். வேலை போகிற நேரத்தில் உடம்பு சரியில்லை என்று யாராவது சொல்வார்களா? “அது அப்படித்தான் மேடம்” என்றார்.

மேடம் கணினியைத் தலைக்குப் பக்கத்தில் பிடித்து அளந்தார். ஒன்பதாம் படி: தலை, இடப்பக்கம், இருபத்தைந்து டிகிரி.

மூடியைச் சாத்தும்போது கழுத்தில் சுரீர் என்றது. கார்னர் பல்லைக் கடித்துக்கொண்டு, “போய்த் தொலை” என்றார். வலியைத்தான் சொன்னார். பதினான்காம் படி: மூடியைச் சாத்தும்போது ‘போய்த் தொலை’ என்று சொல்லவும். குரல் நடுத்தரம்.

பிறகு கார்னர் பட்டையை எடுத்து மேஜைமேல் போட்டுவிட்டு, கேன்டீன் டம்ளரிலிருந்து இரண்டு மடக்கு டீ குடித்தார். டம்ளரை வைத்தார். ஜன்னலைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். அதன்பிறகு கத்தரியை எடுத்தார். இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு மூலைக்கும் அப்படித்தான். மேடம் இந்த இடத்தில் மட்டும் கடிகாரத்தை நிறுத்திச் சிவப்பில் வட்டமிட்டார். பயனற்ற செயல், நாற்பது நொடி, நீக்கவும்.

இந்த நாற்பது நொடியைக் கண்டுபிடித்ததற்காக அவருக்கு ஒரு கூட்டத்தில் கண்ணாடி போட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். கார்னரும் கைதட்டினார். இத்தனை வருடம் கம்பெனி நேரத்தில் டீ குடித்திருக்கிறோமே என்று அவருக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

அச்சுகளில் பாதி கப்பலேறின. மீதிப் பாதியோடு இங்கே லைன் ஓடியது. அங்கே செய்யும் மூலைகளில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் பிளக்கக் கூடாது. தொடர்ந்து மூன்று வாரம் அப்படித் தேறிவிட்டால் இங்கே லைனை மூடிவிடுவார்கள். அதுவரை நாற்பத்தொரு பேருக்கும் வேலை உண்டு. ஒப்பந்தத்தில் இருந்தது இதுதான், வக்கீல் மூன்று முறை படித்துப் பார்த்துச் சொன்னார்.

அங்கே நூற்றுக்கு முப்பது பிளந்தது.

காரணம் கண்டுபிடிக்கப் புதன்கிழமைதோறும் வீடியோ கூட்டம் வைத்தார்கள். கார்னரை முதல்முறையாகக் குளிர்சாதன அறைக்குள் கூப்பிட்டு, சக்கரம் வைத்த நாற்காலியில் உட்காரவைத்து, பிஸ்கட் தட்டை நகர்த்தினார் மேலாளர். திரை விழித்தது. அந்தப் பக்கம் இருபது பெண்கள், நீலத் தொப்பி, நீல உடுப்பு, மார்பில் எண். இருபது தலையும் இடப்பக்கம் இருபத்தைந்து டிகிரி சாய்ந்திருந்தன. யாரோ மணி அடித்தார்கள். இருபது கைகள் மூடியைச் சாத்தின. இருபது வாய்களும் ஒன்றாக, பணிவாக, நடுத்தரக் குரலில் சொல்லின:

“போய்த் தொலே.”

கார்னரின் கையிலிருந்த பிஸ்கட் தண்ணீர்க் குவளைக்குள் விழுந்தது.

“எல்லாம் சரியா பண்றாங்களா?” என்றார் குறிப்பு மேடம்.

“ரொம்ப... ரொம்பச் சரியா பண்றாங்க மேடம்.”

மொழிபெயர்ப்பாளர் திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் இருந்தார். “அவங்க ஒண்ணு கேக்கிறாங்க சார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு. எனக்கும் சொல்லக் கொஞ்சம் சங்கடமா இருக்கு.”

கார்னர் யோசித்தார். “அது வழியனுப்புறது சார். கெளம்புறவங்களப் பாத்து நல்லபடியா போய்ச் சேருன்னு சொல்ற மாதிரி.”

மொழிபெயர்ப்பாளர் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு நல்ல மனிதர், அப்படியே சொல்லிவிட்டார். திரையில் இருபது முகங்கள் மலர்ந்தன. கூட்டம் முடிந்ததும் அவர்கள் கையசைத்து, “போய்த் தொலே” என்றார்கள். மேலாளரும் பதிலுக்குக் கையசைத்தார். அவருக்கு அதில் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும், அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை.

கார்னர் லைனுக்கு வந்து இதைச் சொன்னபோது ஆளாளுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வக்கீல் மட்டும் சிரிக்கவில்லை.

“கார்னரு, உன் சுளுக்குதான்யா நமக்குச் சோறு போடுது. அத விட்றாத. அடுத்த வாரம் இன்னொண்ணு சேத்து விடு.”

“என்னத்தச் சேக்கிறது?”

“ஒரு கால்ல நிக்கணும்னு சொல்லு.”

“பாவம்யா.”

“பாவம் பாத்தா நாம ஒரு கால்ல நிக்கணும்.”

பேரம் பேசி, இடது ஷூவின் லேஸ் அவிழ்ந்திருக்க வேண்டும் என்பதில் வந்து நின்றார்கள். யாருக்கும் கெடுதல் இல்லாத பொய். புதன்கிழமை கார்னர் அதைச் சொன்னார். குறிப்பு மேடம் பழைய வீடியோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். நம்மாளுக்கு நல்ல நேரம், அன்றைக்கு நிஜமாகவே லேஸ் அவிழ்ந்துதான் கிடந்தது. மேடம் பதறிவிட்டார். இதை எப்படித் தவறவிட்டோம் என்று தன் சான்றிதழ்மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்தது. இருபதாம் படி என்று சேர்த்தார்.

அடுத்த புதன் இருபது ஜோடி ஷூக்களில் இடது லேஸ் தொங்கியது. பதினேழாம் எண் பெண்ணுக்கு முழங்கையில் கட்டு. தடுக்கி விழுந்துவிட்டாராம். கழுத்தில் ஏற்கெனவே ஒரு பிளாஸ்திரி இருந்தது. கார்னர் பிஸ்கட்டைத் தொடவில்லை.

இந்தச் சமயத்தில்தான் சிக்கன நடவடிக்கை வந்தது. மூடப்போகிற இடத்தில் கேன்டீன் எதற்கு என்று ஒரு வெள்ளிக்கிழமை அதை மூடி, டம்ளர்கள் உட்பட எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை கார்னரின் மேஜையில் டம்ளர் இல்லை. கை ஒருமுறை காற்றைத் தடவிவிட்டு நேரே கத்தரிக்குப் போனது. பிசிறை நறுக்கினார். மூலை வாயைப் பிளந்தது.

இன்னொன்றும் பிளந்தது. மதியத்துக்குள் பதினோரு மூலைகள். இருபத்திரண்டு வருடத்தில் மொத்தமாகப் பதினோரு மூலை பிளந்திருக்குமா என்பது சந்தேகம்.

“உடம்பு சரியில்லயா?” என்றார் வக்கீல்.

“டீ குடிக்கல.”

“தலவலியா?”

“இல்லய்யா.” கார்னர் பிளந்த மூலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அச்சின் சூட்டில் இன்னும் கொழகொழவென்று இருந்தது. மறுநாள் வீட்டிலிருந்து பிளாஸ்கில் டீ கொண்டுவந்தார். மூலையை எடுத்துப் போட்டார், இரண்டு மடக்கு, பெருமூச்சு, கத்தரி. ஒன்றுகூடப் பிளக்கவில்லை. விஷயம் கழுத்திலும் இல்லை, லேஸிலும் இல்லை. சூட்டோடு சூடாக நறுக்கினால் பிளக்கும், நாற்பது நொடி ஆறவிட்டால் பிடித்துக்கொள்ளும். இத்தனை வருடம் அந்த நாற்பது நொடியை அவர் அறியாமலே அவருடைய நாக்கு பார்த்துக்கொண்டிருந்தது. கம்பெனி கழுத்தை வைத்துக்கொண்டது, வசவை வைத்துக்கொண்டது, உருப்படியான ஒன்றை மட்டும் சிவப்பு வட்டம் போட்டு வெட்டிவிட்டது.

கார்னர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் பிளாஸ்கைப் பார்த்தார். பதினெட்டு வருடம் பக்கத்துப் பக்கத்து மிஷினில் நின்றவர்களுக்கு அதற்குமேல் பேச்சு தேவையில்லை. இருந்தாலும் வக்கீல் பேசினார்.

“இது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.”

“ஆமா.”

“நாப்பத்தோரு குடும்பம்.”

“தெரியும்யா.”

“கேட்டா மறந்து போச்சுன்னு சொல்லு. மறதிக்குச் சட்டத்துல தண்டன கெடையாது.”

அன்று வீட்டில் கார்னரின் மனைவி உள்ளே வந்ததுமே கண்டுபிடித்துவிட்டார். பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருப்பவர், வாயைத் திறக்காமலே யாருக்கு எங்கே வலி என்று சொல்லிவிடுவார். கார்னர் எல்லாவற்றையும் கொட்டினார். அந்த அம்மாள் துணி மடித்தபடியே கேட்டார்.

“சொன்னா என்ன ஆகும்?”

“மூணு வாரத்துல மூடிருவாங்க.”

“சொல்லலன்னா?”

“ஓடும். எத்தன மாசம்னு தெரியாது. இந்த வயசுல மூல ஒட்டத் தெரியும்னு போய் நின்னா எவன் வேல குடுப்பான்? உலகத்துல எல்லா மூலையும் ஏற்கெனவே ஒட்டித்தான் இருக்கு.”

“அப்ப வாய மூடிக்கிட்டு இருங்க.”

“இருக்கலாங்கிறியா?”

“நான் இருக்கச் சொல்லலாம். எங்க டாக்டரு வாயத் திறங்கன்னு ஒரு தடவதான் சொல்லுவாரு, வர்றவங்க வீட்டுக் கத முழுக்கச் சொல்லிருவாங்க. உங்க வாய் அந்த ஜாதி.” ஒரு சட்டையை உதறினார். “அந்தப் பதினேழாம் நம்பரு... அடி பலமா?”

“கட்டுப் போட்டிருக்கு.”

“ம்” என்றார். அதற்குப் பிறகு அவர் மடித்த சட்டைகள் எதுவும் சரியாக மடிபடவில்லை.

புதன்கிழமை கார்னர் வாயை இறுக்க மூடிக்கொண்டுதான் போனார். ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தார். அச்சின் சூடு பற்றிக் கேட்டார்கள், தலையாட்டினார். ரப்பரின் வயது பற்றிக் கேட்டார்கள், தலையாட்டினார். தலையை ஆட்டும்போது எத்தனை டிகிரி என்று குறிப்பு மேடம் எழுதிக்கொண்டார். மேலாளர் கணினியை மூடப்போனார். அப்போது திரையில் பதினேழாம் எண் கையைத் தூக்கினார், கட்டுப் போடாத கையை.

அவர் பேசியது நீளமாக இருந்தது. மொழிபெயர்ப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சார், அவங்க வேலயப் பத்திக் கேக்கல. உங்க கழுத்து எப்படி இருக்குன்னு கேக்கிறாங்க.”

“என் கழுத்தா?”

“நாலு மாசம் இப்படி நின்னதுக்கே அவங்களுக்குப் படுத்தாத் தூங்க முடியலயாம். குழந்தயத் தூக்க முடியலயாம். நீங்க இருபத்திரண்டு வருஷமா இப்படியே நின்னிருக்கீங்களே, எப்படித் தாங்குனீங்கன்னு எல்லாரும் சாப்பாட்டு நேரத்துல பேசிக்குவாங்களாம். நீங்க என்ன தைலம் போடுறீங்க, பேரச் சொன்னா இருபது பேரும் வாங்கிப்பாங்களாம்.”

மேலாளர், “நல்ல கேள்வி” என்றார். எல்லாக் கேள்விக்கும் அவர் அப்படித்தான் சொல்வார்.

கார்னர் எழுந்து நின்றார். நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் முட்டியது.

“அம்மா, கழுத்த நிமித்துங்க. எல்லாரும் நிமித்துங்கம்மா. அது சுளுக்கு. அன்னிக்கு எனக்குச் சுளுக்கு. பஸ்ஸுல தூங்கிட்டேன். லேஸையும் கட்டிக்குங்க. அது பொய். நான் சொன்ன பொய்.”

மொழிபெயர்ப்பு போய்ச் சேர நாலைந்து நொடி ஆனது. முதலில் பதினேழு நிமிர்ந்தார். பிறகு வரிசையாக மற்றவர்கள். இருபது கழுத்துகள் நெட்டி முறிகிற சத்தம் கடல் தாண்டி ஒலிபெருக்கியில் வந்து விழுந்தது, யாரோ அப்பளக் கட்டின்மேல் உட்கார்ந்ததுபோல. குறிப்பு மேடத்தின் கையிலிருந்த பேனா நின்றுவிட்டது.

பதினேழு மறுபடி ஏதோ கேட்டார். இந்தமுறை குரல் சின்னதாக இருந்தது.

“அப்படின்னா மூல ஏன் பிளக்குதுன்னு கேக்கிறாங்க” என்றார் மொழிபெயர்ப்பாளர். “பிளந்தது ஒவ்வொண்ணும் அவங்க நம்பருக்கு நேரா எழுதுறாங்களாம். எங்க கைதான் சரியில்லயான்னு கேக்கிறாங்க.”

கார்னர் வாயை மூடினார். நாற்பத்தொன்று என்ற எண்ணை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். வக்கீலின் முகம் வந்தது. வக்கீலுக்குப் பின்னால் அந்தப் பெண், தூக்க முடியாத குழந்தையை உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். தலைக்குமேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். ஆனால் இங்கே அவர் தலை, அவர்கள் தலை எல்லாம் ஒரே வெள்ளத்தில் அல்லவா கிடந்தன.

“உங்க கை நல்ல கைம்மா” என்றார். “டீ குடிங்க.”

“சார்?”

“எடுத்ததும் நறுக்காதீங்க. கீழ வச்சிட்டு ரெண்டு மடக்கு டீ. அப்புறம் நறுக்குங்க. ஆறணும். அவ்வளவுதான்.”

அதன்பிறகு நடந்ததுதான் கூத்து. லைனில் திரவப் பொருளுக்கு அனுமதி இல்லை என்றார் குறிப்பு மேடம். அப்படியானால் நாற்பது நொடி காத்திருக்கவும் என்று எழுதுங்கள் என்றார் மொழிபெயர்ப்பாளர், அது அவர் வேலை இல்லையென்றாலும். சும்மா நிற்பதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது என்றார் மேடம், அசைவு ஏதாவது இருந்தால்தான் படி ஆகும். இரண்டு தேசத்து அதிகாரிகள் பத்து நாள் ஆலோசித்தார்கள். கடைசியில் இருபத்தொன்றாம் படி பிறந்தது: காலிக் குவளையை இருமுறை உதட்டுக்குக் கொண்டுபோகவும், ஜன்னலைப் பார்க்கவும், பெருமூச்சு விடவும். அங்கே ஜன்னல் இல்லை. ஜன்னல் படம் ஒன்றை அச்சடித்துச் சுவரில் ஒட்டினார்கள்.

நூற்றுக்கு ஒன்றுகூடப் பிளக்கவில்லை. மூன்று வாரம் தேறிவிட்டது. தலையை நிமிர்த்துவதற்கான திருத்தம் மட்டும் இன்னும் எட்டுக் கையெழுத்துகளுக்குக் காத்திருந்தது. அதனால் மேற்பார்வைக்கு ஆள் வரும்போது மட்டும் சாய்த்துக்கொள்கிறார்கள் என்று கேள்வி.

இங்கே மூடல் அறிவிப்பு ஒட்டப்பட்டது. கார்னர் யாரையும் காரணம் தேடி அலையவிடவில்லை. லைன் நடுவில் நின்று, “நான்தான் சொன்னேன்” என்றார். யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. நாற்பது பேரும் அவரைத் தாண்டிப் போகப் பழகினார்கள், நடுவில் தூண் இருந்தால் சுற்றிப் போவதுபோல. வக்கீல் பத்தொன்பது நாள் பேசவில்லை. அடுத்த மிஷினில் நின்றுகொண்டு, கத்தரி வேண்டுமென்றால்கூடக் கம்பியால் மேஜையைத் தட்டினார்.

கடைசி வெள்ளிக்கிழமை மத்தியானம் லாக்கர்களைக் காலி செய்யச் சொன்னார்கள். கார்னர் தன்னுடையதைத் திறந்து, ஒரு சீப்பு, ஒரு துண்டு, காலாவதியான இருமல் மருந்து எல்லாவற்றையும் பைக்குள் போட்டார். போட்டு முடித்த பிறகும் பூட்டுவதா, திறந்தபடியே விடுவதா என்று புரியாமல் நின்றார். பக்கத்து லாக்கரைத் திறந்த வக்கீல் அரைமணி நேரமாக அதற்குள்ளேயே தலையை விட்டுக்கொண்டிருந்தார். உள்ளே ஒன்றுமே இல்லை.

லாக்கருக்குள்ளிருந்து குரல் வந்தது.

“அந்தப் பொண்ணுக்கு இப்ப கழுத்து எப்படி இருக்காம்?”

கார்னருக்குத் தன்னிடம்தான் கேட்கிறார் என்று புரியச் சற்று நேரமானது.

“போன புதன் கேட்டேன். இடப்பக்கம் சரியாயிடுச்சாம்.”

“ம்.”

“இப்ப நேரா வச்சா வலப்பக்கம் இழுக்குதாம்.”

வக்கீல் தலையை வெளியே எடுத்தார். கோபம்போல ஒன்றை முகத்தில் நிறுத்தப் பார்த்தார், நிற்கவில்லை.

“சரியான ஆளுய்யா நீ. நாப்பத்தோரு பேரு வேலயக் குடுத்தும் ஒரு கழுத்த நேராக்க முடியல.”

“ஆமா.”

“வெந்நீர் ஒத்தடம் குடுக்கச் சொன்னியா?”

“மொழிபெயர்ப்பாளர் லீவு.”

வக்கீல் லாக்கரை அறைந்து சாத்தினார். பெஞ்சில் இருந்த கார்னரின் பையை நகர்த்திவிட்டு அங்கே உட்கார்ந்தார். கழுத்தைத் தேய்த்துக்கொண்டார்.

“செஞ்சு காட்ட வேண்டியதுதானய்யா” என்றார். “ஒத்தடத்துக்கு எதுக்கு மொழி?”